அடையாளம் தெரியாத கூர்மையான பொருள்

செக்யூரிட்டி அறை மேஜையின் மேல் என் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, அவற்றுக்குப் பக்கத்தில் அந்தத் தக்கைத் திருகி. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றார் ஏழுமலை. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இரண்டாம் கேட்டுக்கு அவர்தான் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பென்னலூர்க்காரர். தினமும் என்னைப் பார்க்கிறவர், தினமும் வணக்கம் சொல்கிறவர். அன்றைக்கு மட்டும் நான் அவருக்கு யாரோ.

"இன்னா சார் இது?"

"கார்க் ஸ்க்ரூ."

"எந்த மெஷின் ஸ்க்ரூ சார்?"

"மெஷின் ஸ்க்ரூ இல்ல ஏழுமலை. பாட்டில் மூடியில தக்கை இருக்குமே, அதைத் திருகி எடுக்கிறது."

பாட்டில் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கவே கூடாது. எனக்குப் பின்னால் காலை ஷிஃப்ட் வரிசை நீண்டு கிடந்தது. தென்மாவட்டத்துப் பிள்ளைகள், முதுகில் பையும் காதில் இயர்போனுமாக. அத்தனை பேரும் இயர்போனைக் கழற்றினார்கள்.

"சரக்கு பாட்டிலா சார்?" ஏழுமலை குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாழ்த்தியதால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

"வைன் பாட்டில். ஆனா இது அந்தக் காலத்துச் சாமான். நான் இதையெல்லாம் சேர்த்து வைக்கிறவன்."

"நீங்க வைன் சாப்டுவீங்களா சார்?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல."

"அப்ப இது இன்னாத்துக்கு சார்?"

இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. சென்ற வாரம் இதே பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த வாசகர் ஒருவரும் ஃபோன் செய்து இதையேதான் கேட்டார். அஞ்சல் தலை சேர்க்கிறவனிடம் யாராவது "உனக்கு யாருக்குக் கடுதாசி போடணும்?" என்று கேட்கிறார்களா? பழைய பூட்டு சேர்க்கிறவனிடம் "உன் வீட்டில் அவ்வளவு திருட்டா?" என்று கேட்கிறார்களா? தக்கைத் திருகி சேர்க்கிறவனை மட்டும் ஊதச் சொல்லாத குறை.

"கூரா கீது சார். உள்ள உட முடியாது. இங்க வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார் ஏழுமலை.

அன்று வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவி மேலாளர். ஏற்கெனவே தாமதம். வைத்துவிட்டுப் போனேன்.

குவியலுக்குள் ஒரு சிங்கம்

தாமதத்துக்குக் காரணமும் அதுதான். வடக்குப்பட்டு பக்கமாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பழைய இரும்புக் கடை பாய், குவியலைக் கிளறிப் பித்தளையைத் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ இடித்த பங்களாவின் சாமான்கள். குழாய் முனைகளுக்கும் கதவுப் பிடிகளுக்கும் நடுவில், விளக்குப் போல ஒரு பித்தளைக் குழல், அதன் தலையில் குறுக்காக வெள்ளையாக ஒன்று. ஓடுகிற வண்டியிலிருந்தே அது என்னவென்று தெரிந்துவிட்டது; பிரேக்கை அழுத்தினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலைக்கும் இந்தப் பைத்தியத்துக்கும் நேர் விரோதம். லைனில் ஒரு பாகத்தின் மேல் நகக்கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போடச் சொல்லுகிறவன் நான். தக்கைத் திருகி விஷயத்தில், கீறலே இல்லாமல் பளபளவென்று ஒன்று வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எவனோ பாலீஷ் போட்டிருக்கிறான், அல்லது புதிதாகச் செய்து பழசென்று விற்கிறான்.

முதலில் நுனியைப் பார்ப்பேன். தக்கைக்குள் இறங்குகிற சுருள்கம்பியின் முனை. பத்தில் எட்டுக்கு முனை முறிந்திருக்கும். முறிந்ததை அரத்தால் ராவிக் கூராக்கி ஏமாற்றுவார்கள். ராவினால் சுருளின் கடைசி வளைவு குட்டையாகிவிடும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அப்புறம் துரு. மேலோட்டமான பழுப்புத் துரு பரவாயில்லை, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் போச்சு. அப்புறம் பிடி. எலும்புப் பிடி என்றால் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கும். பிடியும் குழலும் ஒரே வயதுதானா, அல்லது இரண்டு பிணங்களை ஒட்டவைத்த உடம்பா என்பதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஏனென்றால் அதைப் பார்த்ததும் பல சமயம் மனசு உடைந்துவிடும்.

பாய் எடுத்துக் கையில் கொடுத்தார். நுனி முழுசு. துரு லேசு. எலும்புப் பிடியில் ஒரு விரிசல் கிடையாது. பித்தளைக் குழலின் மேல் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கிற அரச முத்திரை, அதில் சிங்கத்தின் மூக்குகூடத் தேயவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பிடியின் ஒரு முனையில் பிரஷ் இருந்தது. அந்தக் காலத்தில் நிலவறையில் கிடந்த பாட்டிலின் கழுத்தில் தூசியும் நூலாம்படையும் இருக்குமாம்; திறப்பதற்கு முன் தட்டிவிட ஒரு குட்டிப் பிரஷைப் பிடியிலேயே சொருகி வைத்திருப்பார்கள். நான் பார்த்தவற்றில் எல்லாம் பிரஷ் இருந்த ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். இதில் மயிர் அத்தனையும் இருந்தது.

"பித்தளை வெயிட்டு போட்டுக்கலாம் சார். அந்த எலும்ப ஒடச்சி எட்த்துட்டு போடறேன், உங்களுக்குத்தான் லாபம்" என்றார் பாய், சுத்தியலைத் தேடியபடி.

நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது.

கீபோர்டு சந்து

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு ஓடினேன். மேஜையில் இல்லை.

"அட்மினுக்கு அனுப்பிட்டேன் சார்" என்றார் ஏழுமலை. "கூர்மையான ஐட்டம் எது வந்தாலும் மேல அனுப்பணும்னு ரூல் கீது. ஆயுதம்னு எழுத மனசு வரல சார், நம்ம சார் ஆச்சேன்னு. அடையாளம் தெரியாத கூர்மையான பொருள்னு எழுதிக்கீறேன்."

"என்னன்னுதான் நான் சொன்னேனே!"

"நீங்க சொன்னத எழுதினா பாட்டில்னு வந்துடும் சார். உங்களுக்குத்தான் பேஜாரு."

அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியதுதான். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா சோக்கான பிரஷு சார் அது. நம்ம கம்ப்யூட்டர் கீபோர்டு சந்துல அவ்ளோ தூசி. இன்னாத்த போட்டாலும் வராது. இது பூந்து எட்துச்சு பாருங்க, புச்சு மாரி ஆயிடுச்சு."

நான் கீபோர்டைப் பார்த்தேன். உண்மையாகவே புதுசு மாதிரிதான் இருந்தது. எஃப் எழுத்துக்கும் ஜி எழுத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு மயிர் மட்டும் குத்திட்டு நின்றது. அதை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டேன். ஏழுமலை என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

மறுநாள் நித்யா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஹெச்.ஆர். மேலாளர், கெட்டிக்காரப் பெண், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். அதுதான் பயம். டிராயரைத் திறந்து பாலிதீன் உறையில் போட்ட என் திருகியை எடுத்து மேஜையில் வைத்தார். உறைக்குள் வியர்த்திருந்தது. இரும்பையும் எலும்பையும் கொல்ல அதைவிடச் சிறந்த வழி கிடையாது. அதோடு விடவில்லை. எலும்புப் பிடியின் மேல் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை அழுத்தி ஒட்டியிருந்தார்கள். பெயர்த்தால் எலும்பின் மேல்தோலும் கூடவே வரும், அந்தப் பசை அப்படி.

"மேடம், இதை ஏன் ஒட்டினீங்க?"

"சார், கம்பெனி கஸ்டடியில இருக்கிற எந்த ஐட்டமும் டேக் இல்லாம இருக்கக்கூடாது. ப்ரொசீஜர். தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பர்சனல்தான்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வீட்ல ஏதாவது ப்ராப்ளமா சார்? வொர்க் பிரஷர்னால சில பேர் இந்த மாதிரி ஆரம்பிச்சிடறாங்க. நம்மகிட்ட கவுன்சலர் இருக்காங்க."

"நான் குடிக்கிறதில்ல மேடம்."

"எல்லாரும் ஃபர்ஸ்ட் அப்படித்தான் சார் சொல்வாங்க."

என் பதவி உயர்வு அப்போது பரிசீலனையில் இருந்தது. மேலாளர் நாற்காலிக்கு என் பெயரும் இன்னொருவர் பெயரும். நித்யா மேடம் அதைச் சொல்லவில்லை. "ஃபைல் ஓபன்ல இருக்கிற வரைக்கும் மத்த எதையும் மூவ் பண்ண முடியாது" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்தது. எனக்கு உடனே வந்த கவலை ஸ்டிக்கரைப் பற்றித்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் சொன்னபோது எஸ்தருக்கு வந்த கவலை வேறு.

ஒரு ஜெபமும் ஒரு ஆமெனும்

"அந்த இழவுச் சாமான இன்னும் எத்தன தடவ நான் சகிக்கணும்?" என்றாள் எஸ்தர்.

என் மனைவி. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஒரகடத்துக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் கோபம் வந்தால் அவள் பேச்சு நேராகத் தாமிரபரணிக்குப் போய்விடும்.

"ஒரு மனுசன் ஆடு வளக்கான், கோழி வளக்கான், ஒண்ணுமில்லாட்டா செடியாவது வளக்கான். நீங்க சாராயக்கடைச் சாமானக் கண்ணாடி பீரோல வச்சு லைட்டு போட்டிருக்கிய. இப்ப கம்பெனிக்கும் தெரிஞ்சு போச்சா? நல்லாயிருக்கு."

அவளைக் குறை சொல்ல முடியாது. குடியை வாசற்படிக்கு வெளியே நிறுத்தின குடும்பங்கள் எங்களுடையவை. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் சபைப் போதகர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். அருமையான மனிதர். ஹாலில் நின்று ஊழியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் ஜெபித்துக்கொண்டே வந்தவர், கண்ணைத் திறந்து திறந்து என் கண்ணாடி பீரோவைப் பார்த்திருக்கிறார். திடீரென்று என் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இந்தச் சகோதரனைக் கட்டியிருக்கிற மதுவின் சங்கிலியை இப்போதே அறுத்தெறியும்" என்று குரலெடுத்தார். தலையில் கை இருக்கும்போது எங்கே விளக்கம் சொல்வது? எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

அந்த ஆமெனைத்தான் எஸ்தரால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் மூன்று பெண்கள் அவள் கையைப் பிடித்து அழுதார்களாம்.

"நான் ஏன் சேர்க்கிறேன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"தெரியும். சுருள் நல்லாயிருக்காம், நுனி நல்லாயிருக்காம், பிரசு நல்லாயிருக்காம். கேட்டுக் கேட்டுக் காதுல ரெத்தம் வருது."

அம்பத்தூரில் சின்ன வயதில் லேத்தில் நின்றபோது என் ஃபோர்மேன் மேஜையில் ஒரு திருகி கிடந்தது. பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருந்தார். கம்பியை நடுவில் வெற்றிடம் விட்டுச் சுருட்டி, அந்தச் சுருளின் நுனி சரியாகச் சுருளின் பாதையிலேயே முடியும்படி கையாலேயே எவனோ அடித்திருக்கிறான். அதைச் செய்து பார்க்க நான் பட்ட பாட்டில் ஆரம்பித்த பைத்தியம் இது. எஸ்தரிடம் கல்யாணமான புதிதிலேயே இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நிராகரிப்பு

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. இது ஆயுதமா, கருவியா என்று சான்று வேண்டுமாம். சான்று கொடுக்க வேண்டியது தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். அதாவது என் பிரிவு. ஆனால் பொருள் என்னுடையது என்பதால் நான் தொடக்கூடாது. ஆய்வகத்தில் முத்துமாரியிடம் போனது.

முத்துமாரி சங்கரன்கோவில் பெண். டிப்ளமா முடித்துவிட்டு வந்து, பக்கத்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். என்னிடம் வந்து சேர்ந்தவர்களிலேயே கறாரானவள் அவள்தான். மேனேஜரே வந்து நின்றாலும் அளவு தப்பிய பாகத்தை விடமாட்டாள். அவளைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே என் திருகியைத் துணியால் துடைத்து, கருவியின் மேடையில் படுக்கவைத்து, ஒரு கைப்பிடியை இறக்கினாள். உலோகத்தின் கடினத்தன்மையைப் பார்க்கும் கருவி அது. ஒரு முனையை அழுத்திக் குழி விழச்செய்து, அந்தக் குழியை வைத்து அளவு சொல்லும். நான் கதவைத் தட்டுவதற்குள் பித்தளைக் குழலில், முத்திரைக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு குழி விழுந்துவிட்டது.

"முத்துமாரி! என்ன செய்றே?"

"டெஸ்ட்டுதான் சார். நீங்க உள்ள வரக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காவ."

"அது நூறு வருசத்துக்கு மேல ஆன பொருள்மா. அதுல போய்க் குழி போடுவாங்களா?"

"பழசு புதுசுன்னு பாக்கக்கூடாது, எந்தப் பாகம் வந்தாலும் முழு டெஸ்ட்டும் போடணும்னு நீங்கதான சார் சொல்லுவிய?"

சொன்னேன்தான். ஒருமுறையா, இருமுறையா?

அவள் அறிக்கை என் மேஜைக்கு வரவில்லை, வரக்கூடாது. ஆனால் கேன்டீனில் அவளே வருத்தத்தோடு சொன்னாள். "சுருள் இடைவெளி ஒண்ணுக்கொண்ணு சேரல சார். நுனி மையத்துல இல்ல. மேல துரு. பிரசுல மயிரு ஒரே நீளத்துல இல்ல. நான் என்ன சார் செய்ய? ரிஜெக்ட்டுதான் போட முடிஞ்சுது."

அவள் சொன்ன ஒவ்வொரு குறையும், அது கையால் செய்தது என்பதற்கு எனக்கு ஒவ்வொரு அத்தாட்சி. அதை அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு, "இருந்தாலும் ரிஜெக்ட்டுதானே சார்?" என்றாள்.

கண்டிஷன் எப்படி?

வாரங்கள் போயின. பொருள் நித்யா மேடத்தின் டிராயரில், ஃபைல் அதற்கு மேல். ஆயுதமும் இல்லை, ஏற்கத்தக்க கருவியும் இல்லை, ஆகையால் அது என்னதான் என்று கமிட்டி கூடி முடிவு செய்யவேண்டும், கமிட்டியில் ஒருவர் விடுப்பு. வாரம் ஒருமுறை போய், உறையைத் திறந்து காற்றாட விடச்சொல்லிக் கெஞ்சுவேன். "நோட் பண்ணிக்கறேன் சார்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் எஸ்தரும் வண்டியை எடுக்கும்போது ஃபோன். நித்யா மேடம். ஞாயிற்றுக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டால் எவனுக்கும் நெஞ்சு அடைக்கும்.

"சார், ஒரு ஹெல்ப். அந்த… அந்த ஐட்டம், அது என்ன கண்டிஷன்ல இருக்கு?"

"உங்க டிராயர்ல இருக்கு மேடம். நீங்கதான் சொல்லணும்."

"இல்ல சார். வேலை செய்யுமான்னு கேக்கறேன்."

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலைத் தலைவர் வெளிநாட்டுக்காரர், வேலை முடிந்து ஊர் திரும்புகிறார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி விருந்தினர் மாளிகையில் மதிய விருந்து. தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்ட சமயத்தில் தன் ஊரிலிருந்து ஒரு வைன் பாட்டில் கொண்டுவந்து, போகிற அன்றைக்குத் திறப்பேன் என்று வைத்திருந்தாராம். அங்கிருந்த புது மாதிரித் திறப்பான் தக்கையைப் பாதி பிய்த்துவிட்டு அதன் கையும் கழன்றுவிட்டது. சமையல்காரர் கத்தியோடு நிற்கிறார். தலைவரின் மனைவி அழுகிற நிலையில் இருக்கிறார். கம்பெனியிலிருந்து ஏழுமலை கேட் பாஸ் போட்டுத் திருகியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலை செய்யுமா? இத்தனை வருடங்களில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. நுனி எப்படி, பிடி எப்படி, பிரஷ் எப்படி என்றுதான் கேட்டிருக்கிறேன்.

"தெரியல மேடம்" என்றேன்.

"நீங்க வந்து திறந்து குடுங்க சார், ப்ளீஸ். இங்க யாருக்கும் அதைப் பிடிக்கக்கூடத் தெரியல."

பக்கத்தில் எஸ்தர், கையில் பைபிள், தலையில் இன்னும் எடுக்காத முக்காடு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்லச் சொல்வாள் என்று பார்த்தேன்.

"போங்க, போய் அந்தச் சனியனத் தொறந்து குடுத்துட்டு ஃபைல மூடச் சொல்லுங்க. நானும் வாரேன். நான் வராட்டி நீங்க அங்க குடிச்சியன்னு சபையில சொல்லுவாவ" என்றாள்.

ஒரே பக்கமாக

விருந்தினர் மாளிகை ஹாலில் பத்திருபது பேர். மேஜை நடுவில் பாட்டில், அதன் கழுத்தில் பிய்ந்த தக்கை. ஏழுமலை உறையை என்னிடம் நீட்டினார். "வாங்கிக்கோங்க சார். வழியில ஒரு குலுக்கல் இல்லாம எட்துகினு வந்தேன்."

கையில் வாங்கியதும் பழக்கத்தில் பார்த்தேன். நுனி முழுசு. சுருளில் புதுத் துரு, உறையில் வியர்த்த துரு. பிடியில் ஸ்டிக்கர். குழலில் முத்துமாரியின் குழி. கோபம் தலைக்கேறியது. இந்த நிலையில் இதைத் தக்கைக்குள் இறக்கினால் சுருள் நிமிர்ந்துவிடலாம், எலும்பு பிளந்துவிடலாம். வைன் போனால் தலைவருக்கு நஷ்டம், இது போனால் யாருக்கு என்ன? தலைவர் வேறு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஊர்ப்பழக்கத்தை அவர் நன்றாகவே கற்றிருந்தார்.

குழலைப் பாட்டிலின் வாய்மேல் பொருத்தினேன். பிடியைத் திருகினேன். சுருள் தக்கையைத் தொட்டு, பிடித்து, இறங்கியது. காய்ந்த தக்கை முனகியது. பிய்ந்த இடத்தைத் தாண்டி அடிவரைக்கும் போனது. இனிமேல் இறங்க இடமில்லை. இதற்குப் பிறகு என்ன என்று எனக்குப் புத்தகப் படங்களில் பார்த்துத் தெரியும்: அதே பக்கமாகத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே எதிர்த்திசையில் இன்னொரு மரை இருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பது வேறு, கை நம்புவது வேறு. இழுத்துவிடலாமா என்று தோன்றியது.

"ஏன் நிப்பாட்டிட்டிய?" என்றாள் எஸ்தர், பின்னாலிருந்து.

திருகினேன். ஒரு சுற்று இறுகியது. அப்புறம் உள்ளே எதுவோ எதுவோடோ சேர்ந்துகொண்டது, விரலுக்குத் தெரிந்தது. பிடி லேசாகிவிட்டது. நான் இழுக்கவே இல்லை. திருகத் திருக, தக்கை தானாக, கொஞ்சம் கொஞ்சமாக, குழலுக்குள் ஏறி வந்தது. எந்த அவசரமும் இல்லாமல் வந்தது. கடைசியில் சின்னதாக ஒரு சத்தம், கன்னத்தை விரலால் சுண்டினால் வருமே, அதுபோல. அவ்வளவுதான். ஹால் முழுக்க பழச்சாறும் மரமும் கலந்த ஒரு வாசனை.

கைதட்டினார்கள். தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை, "தானா வருது சார்!" என்று கத்தினார். பல வருடங்களாக ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இது எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோப்பையை நீட்டினார்கள், மறுத்துவிட்டேன். எங்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் வந்தது. தலைவர் நித்யா மேடத்திடம் ஏதோ சொன்னார், மேடம் என்னிடம் வந்து, "சார், நீங்க எடுத்துட்டுப் போலாம். ஃபைல் நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டார், ஆனால் கமிட்டி கூடிய பிறகு. அதற்குள் பதவி உயர்வு இன்னொருவருக்குப் போய்விட்டது. அதைப் பற்றி எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் திருகி எஸ்தரின் கைப்பையில், பைபிளோடு. ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம்.

"இத்தன வருசத்துல ஒரு தடவகூட இது என்ன செய்யும்னு நீங்க சொல்லலயே" என்றாள்.

"சொன்னேனே."

"சுருளத்தான சொன்னிய. தானா ஏறி வரும்னு எங்க சொன்னிய?"

அவள் சொன்னது சரி.

இப்போது என் கணக்கில் அந்தத் திருகியின் நிலை இரண்டு படி இறங்கிவிட்டது. ஸ்டிக்கரை வெந்நீர்த் துணி வைத்து வைத்து எடுத்தேன், இருந்தாலும் பிடியில் பார்கோடின் நிழல் நிற்கிறது. குழி அப்படியேதான் இருக்கிறது. சேகரிப்பவன் எவனும் அதை முன்வரிசையில் வைக்கமாட்டான். நானும் பின்தட்டில்தான் வைத்தேன்.

அது அங்கே நிற்பதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் அடுப்பு சரிபார்க்க வருகிறவரானாலும், எஸ்தர் அடுப்படியிலிருந்து நேராக வந்து பீரோவைத் திறக்கிறாள். மஞ்சள் பட்ட விரலாலேயே எலும்புப் பிடியைப் பிடித்து, வெறும் காற்றில் திருகிக் காட்டுகிறாள். அதையும் தப்பான பக்கமாகத் திருகுகிறாள்.

"இழுக்கவே வேண்டாம், கேட்டியளா? சும்மா திருகிக்கிட்டே இருக்கணும். அது பாட்டுக்கு ஏறி வரும்."

எலும்பு இப்போது வெளிர் மஞ்சளாகிவிட்டது. நான் சோபாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.